குன்னத்து ‘டைனோசர் முட்டை’க்குள் இருந்தது என்ன? அம்மோனைட்டுகளும் அவை வாழ்ந்த கடலும்

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் தூர்வாரும்போது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிவந்தன. டைனோசர் முட்டை என்று பேச்சுப் பரவ, பார்க்கக் கூட்டம் திரண்டது. வந்து பார்த்த வல்லுநர்கள் அவை முட்டையல்ல என்றார்கள். சுருள் ஓட்டோடு வாழ்ந்து அழிந்துபோன அம்மோனைட் முதலான கடலுயிர்களைச் சுற்றிச் சேறு இறுகி உருவான கல்லுருண்டைகள் அவை.

ஊராருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. பக்கத்து அரியலூர் மாவட்டத்தில் கல்லமேட்டுப் பாறைகளில் டைனோசர் எலும்புகள் உண்மையிலேயே கிடைத்திருக்கின்றன. ஆனால் கல்லமேட்டில் இருப்பது ஆறு கொண்டுவந்து சேர்த்த மணல். குன்னத்தில் இருப்பது கடலடியில் படிந்த சேறு. இரண்டுக்கும் இடையே இரண்டு கோடி ஆண்டுக்கு மேல் இடைவெளி உண்டு. முட்டையா கல்லா என்று பார்க்க உடைந்த விளிம்பு ஒன்று போதும். முட்டை என்றால் வெளிப்புறத்தில் சில மில்லிமீட்டர் கனத்தில் தனி ஓடு தெரியும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்த ஓட்டில் மூச்சுத் துளைகள் இருக்கும். கல்லுருண்டைக்கு அப்படித் தனி ஓடு கிடையாது. வெளியிலிருந்து உள்ளே வரை ஒரே கல்தான், சிலவற்றில் வளையம் வளையமாக நிறம் மாறும். நடுவில் பெரும்பாலும் ஒரு சிப்பியோ, எலும்புத் துண்டோ, அம்மோனைட்டோ இருக்கும்.

உருண்டை வடிவத்துக்குக் காரணம் அழுகல். செத்த உயிர் சேற்றில் புதைந்ததும் பாக்டீரியா அதன் தசையைத் தின்னத் தொடங்குகிறது. அதனால் சுற்றியுள்ள நீரின் வேதித்தன்மை மாறுகிறது. சேற்றுத் துகள்களுக்கு இடையே கால்சியம் கார்பனேட் படிந்து இறுகுகிறது. மேலே மண் ஏறி அழுத்துவதற்கு முன்பே இது நடந்துவிட்டால் உள்ளே இருக்கும் ஓடு நசுங்காமல் முழு உருவத்தோடு நிற்கும். அதே படுகையில் உருண்டைக்கு வெளியே கிடக்கும் அம்மோனைட் அப்பளம்போல் தட்டையாகிவிடும். அதனால்தான் தொல்லுயிர் ஆய்வாளர்கள் இந்த உருண்டைகளைத் தேடித் தேடி எடுக்கிறார்கள்.

அம்மோனைட் என்றால் பலரும் நத்தையை நினைத்துக்கொள்கிறார்கள். சுருள் ஓடுதான் காரணம். ஆனால் அது கணவாய், பேய்க்கணவாய் கூட்டத்தைச் சேர்ந்த விலங்கு. தலையிலிருந்தே கைகள் முளைத்த தலைக்காலி. இன்றும் சுருள் ஓட்டோடு வாழும் நாட்டிலஸைவிடக் கணவாய்க்குத்தான் அம்மோனைட் நெருங்கிய சொந்தம். நத்தை ஓட்டை அறுத்தால் உள்ளே அடிமுதல் நுனிவரை ஒரே குழாயாக இருக்கும். அம்மோனைட்டை நடுவில் அறுத்தால் குறுக்குச் சுவர்கள் வரிசையாகத் தெரியும். விலங்கு குடியிருந்தது கடைசி அறையில் மட்டும். வளர வளர அது முன்னே நகர்ந்து, தனக்குப் பின்னால் ஒரு சுவரை எழுப்பிவிடும். இப்படி அடைபட்ட அறைகளின் வழியே, ஓட்டின் வெளி வளைவை ஒட்டி, ஒரு மெல்லிய குழல் தொடக்க அறைவரை ஓடும்.

மிதவையின் சூட்சுமம் அந்தக் குழலில் இருக்கிறது. பலர் எழுதுவதுபோல விலங்கு காற்றை அடித்துத் தண்ணீரை வெளியே தள்ளுவதில்லை. புதிதாக அடைக்கப்பட்ட அறை முதலில் உப்புநீரால் நிறைந்திருக்கும். குழலின் திசு அந்த நீரிலிருந்து உப்பை இரத்தத்துக்குள் இழுக்கிறது. உப்பைத் தொடர்ந்து சவ்வூடு பரவலால் நீரும் போகிறது. காலியான இடத்துக்குள் வாயு மெதுவாகக் கசிந்து வருகிறது, அதன் அழுத்தம் நம் காற்று மண்டல அழுத்தத்தைக்கூட எட்டுவதில்லை. உயிருள்ள நாட்டிலஸிடம் அளந்து பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயம் இது. அம்மோனைட்டுக்கும் அதே குழலும் அதே அறைகளும் இருப்பதால் வேலையும் அப்படியே நடந்திருக்க வேண்டும். இது மிக மெதுவாக நடப்பது என்பதையும் கவனிக்க வேண்டும். நீர்மூழ்கிக் கப்பல்போல நினைத்த நேரத்தில் ஏறவும் இறங்கவும் இது பயன்படாது. ஓடும் உடலும் வளர்ந்து எடை கூடக் கூட அதை ஈடுகட்டத்தான் அறைகள். நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கிறார்களே, அந்தக் கணவாய் ஓடும் இதே வகை மிதவைக் கருவிதான். குறுக்கே ஒடித்து வெயிலில் பிடித்தால் அடுக்கடுக்கான நுண்ணறைகளைக் கண்ணாலேயே காணலாம்.

கையில் கிடைக்கும் கல்லுக்கு வருவோம். பெரம்பலூர் மாவட்டத்தில் காரை, ஓதியம் பக்கம் கிடைப்பவற்றில் பல அசல் ஓடு அல்ல. ஓட்டுக்குள் புகுந்த சேறு கல்லாகி, அதன்பின் ஓடு கரைந்துபோக, மிஞ்சிய உள்வார்ப்பு. ஓடு அரகோனைட் என்ற கனிமத்தால் ஆனது. அது நிலையில்லாதது, நீர் பட்டால் கரையும் அல்லது கால்சைட்டாக மாறும். இறுக்கமான களிமண் நீரை உள்ளே விடாத இடங்களில் மட்டும் முத்துப்பளபளப்பு அப்படியே நிற்கிறது. உள்வார்ப்பின் மேல் தெரியும் நெளிநெளிக் கோடுகளை அலங்காரம் என்று நினைப்பது பரவலான பிழை. ஒவ்வொரு கோடும் ஓர் உள்சுவர் வெளி ஓட்டோடு ஒட்டிய இடம். ஓடு முழுதாக இருந்தால் இந்தக் கோடு தெரியவே தெரியாது.

இந்தத் தையல்கோடு எவ்வளவு சொல்லும் என்பதற்கு அளவே இல்லை. நாட்டிலஸில் அது இலேசான வளைவு. ஏறத்தாழ 41 கோடி ஆண்டுக்கு முன் டெவோனியன் காலத்தில் தோன்றிய முதல் அம்மோனைட் உறவினர்களிலும் எளிமையான அலைதான். பிறகு அது கோணல்மாணலாகி, ட்ரையாசிக் காலத்துச் செராடைட்டுகளில் ஒரு பக்க வளைவுகளில் மட்டும் பல் முளைத்து, ஜுராசிக், கிரெட்டேசியஸ் அம்மோனைட்டுகளில் எல்லாப் பக்கமும் கிளைக்குள் கிளையாகப் பிரிந்தது. எதற்காக இவ்வளவு சிக்கல்? ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்க என்ற விளக்கம் நெடுநாள் செல்வாக்கோடு இருந்தது. மடிப்புகள் நீரைப் பிடித்துவைத்து அறையின் நீரளவைச் சீராக்கின என்ற விளக்கம் இப்போது வலுவடைந்திருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்பதால் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ள இப்போதைக்குக் காரணம் இல்லை.

ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டால் முதலில் பார்க்க வேண்டியது தையல்கோடுகள் எங்கே நிற்கின்றன என்பதை. கோடுகள் நின்ற இடத்திலிருந்துதான் குடியிருப்பு அறை தொடங்குகிறது. அது இனத்தைப் பொறுத்து அரைச் சுற்றிலிருந்து ஒரு முழுச் சுற்றுக்கு மேலும் நீளும். கல்லின் முனைவரை கோடுகள் இருந்தால் குடியிருப்பு அறை முழுவதும் உடைந்துபோயிற்று என்று பொருள். விலங்கு நம் கையில் இருப்பதைவிடக் கணிசமாகப் பெரியது. அடுத்து, கடைசி இரண்டு மூன்று கோடுகளின் இடைவெளி. அவை திடீரென நெருங்கியிருந்தால் வளர்ச்சி நின்ற முதிர்ந்த விலங்கு. இடைவெளி சீராகக் கூடிக்கொண்டே போனால் இளையது. இதைப் பார்க்காமல் சிறிய மாதிரிக்கெல்லாம் புதுப் பெயர் வைத்து, பின்னர் அவை பெரிய இனத்தின் குஞ்சுகள் என்று தெரியவந்த கதை இத்துறையில் நிறைய. ஆணும் பெண்ணும் வெவ்வேறு அளவில் இருந்ததால் ஒரே இனம் இரண்டு பெயர்களில் நின்றதும் உண்டு. பெரியவை பெண் என்று கருதப்படுகின்றன. சில சின்ன ஓடுகளின் வாய் ஓரத்தில் காது மடல் மாதிரி நீட்சிகள் இருக்கும், அவை ஆண்.

ஓட்டுக்குள் இருந்த உடலைப் பற்றித் தெரிவது குறைவு, ஏனென்றால் மெல்லுடல் அரிதிலும் அரிதாகவே மிஞ்சும். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், நீள்வடிவ அம்மோனைட்டான பாகுலைட்ஸின் தாடையைப் பிரான்சின் கிரெனோபிள் சின்க்ரோட்ரான் துகள்முடுக்கியில் உண்டாகும் எக்ஸ்ரே கொண்டு படம்பிடித்தார்கள். தாடைக்குள் அரம் போன்ற நாக்கும், அதனிடையே சிக்கியிருந்த குட்டி ஓட்டுடலி ஒன்றும் நத்தை இளம்பருவம் ஒன்றும் தெரிந்தன. அதாவது குறைந்தது இந்த வகை, மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்று வாழ்ந்தது. பெரிய மீனைத் துரத்திப் பிடிக்கும் வேட்டை விலங்காக எல்லா அம்மோனைட்டையும் வரையும் படங்கள் இன்னமும் வந்துகொண்டிருப்பது வருத்தம் தருகிறது. உருவத்திலும் வகைக்குப் பஞ்சமில்லை. ஜெர்மனியின் செப்பன்ராடேயில் 1895இல் கிடைத்த பாராபுசோசியா என்ற அம்மோனைட்டின் குறுக்களவு 1.74 மீட்டர், அதுவும் முழு ஓடு அல்ல. திருச்சி மாவட்டத்து ஊட்டத்தூர் படிவுகளில் கிடைக்கும் டுரிலைட்ஸோ கோபுரச் சுருளாக மேல்நோக்கிச் சுற்றும். இப்படிச் சுருள் மாறியவற்றை அழிவுக்கு முந்திய சீரழிவு என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். அது தவறு. இவை கோடிக்கணக்கான ஆண்டுகள் செழித்தவை. பாகுலைட்ஸ் வகைகள் கடைசி நாள்வரை கடலில் இருந்தன.

இந்தக் கடல் பெரம்பலூருக்கு எப்படி வந்தது? இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா ஒட்டியிருந்த கோண்ட்வானா பிளந்தபோது கிழக்குக் கரையோரம் நிலம் இறங்கிப் பள்ளங்கள் விழுந்தன. காவிரிப் படுகை அவற்றில் ஒன்று. முதலில் ஆற்றுப் படிவும் செடிகொடிகளும். பிறகு கடல் உள்ளே வந்தது. உலகெங்கும் கடல்மட்டம் மிக உயர்ந்திருந்த காலம் அது. ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாக அடுக்குகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஊட்டத்தூர்த் தொகுதியின் காரைக் களிமண் ஏறத்தாழ 10½ கோடியிலிருந்து 9 கோடி ஆண்டுக்கு முன்வரையான கடலடி. காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் இடையே மழைநீர் அறுத்த ஓடைகளில் அதன் அடுக்குகளை நடந்தே பார்க்கலாம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தேசியப் புவியியல் நினைவுச்சின்னப் பட்டியலில் இந்தப் பகுதியும் உண்டு, பக்கத்துச் சாத்தனூர்க் கல்மரமும் உண்டு. 18 மீட்டர் நீளமுள்ள அந்த மரம் கரையிலிருந்து அடித்துவரப்பட்டுக் கடலில் புதைந்தது, 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் அதை அறிவித்தார்.

அம்மோனைட் ஆய்வில் இந்த வட்டாரத்தின் பெயர் உலகம் முழுக்கத் தெரியும். 1840களில் மதராஸ் நிர்வாகத்தில் இருந்த கேயும் கன்லிஃபும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் திரட்டியவற்றை எட்வர்டு ஃபோர்ப்ஸ் லண்டனில் 1846இல் விவரித்தார். ஹென்றி பிளான்ஃபோர்டு அடுக்குகளை நடந்து வரைபடமாக்கி 1862இல் வெளியிட்டார். இன்றைய செக் நாட்டின் மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்கா 1860களில் அம்மோனைட்டுகளை ஒவ்வொன்றாகப் படத்தோடு விவரித்து வகைப்படுத்தினார். 1890களில் வியன்னாவின் ஃப்ரான்ஸ் காஸ்மாட் அதைத் திருத்தி விரிவாக்கினார். இன்று ஜப்பானிலோ அண்டார்டிகாவிலோ ஒருவர் ‘காஸ்மாட்டிசெராஸ்’ என்று எழுதினால் அது இவர் பெயர். ‘ஆனைப்பாடி’ என்ற சிற்றூர் ‘லூயிசிசெராஸ் அனபாடென்ஸ்’ என்ற இனப்பெயரில் நிற்கிறது. அந்த ஊர்களில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைப் பாடமாகச் சொல்ல வேண்டாமா?

ஏன் இவ்வளவு மதிப்பு? அம்மோனைட் வேகமாக மாறியது, கடல்களெங்கும் பரவியது. ஓர் இனம் பல இடங்களில் சில லட்சம் ஆண்டுகளே நீடித்து மறையும். டுரிலைட்ஸ் கோஸ்டாட்டஸ் கிடைத்த அடுக்கு, இங்கிலாந்தானாலும் ஊட்டத்தூரானாலும், கிரெட்டேசியஸின் ஓர் உட்பிரிவான செனோமேனியன் காலத்தின் நடுப்பகுதி. சூடஸ்பிடோசெராஸ் ஃபூட்டியானம் என்ற அம்மோனைட் வந்துவிட்டால் அடுத்த உட்பிரிவான டுரோனியன் தொடங்கிவிட்டது, அதாவது சுமார் 9.39 கோடி ஆண்டுக்கு இப்பால். எரிமலைச் சாம்பல் அடுக்கு இல்லாத இடத்தில் கதிரியக்கக் கடிகாரம் வைக்க வழியில்லை. அங்கே காலம் சொல்ல இந்தச் சுருள் ஓடுகளையே நம்ப வேண்டியிருக்கிறது.

இந்த மதிப்பு ஓட்டில் மட்டும் இல்லை, அது கிடந்த அடுக்கிலும் சேர்ந்தே இருக்கிறது. காரை ஓடையின் அடியில் கிடக்கும் ஒரு மாதிரி மேலே எந்த அடுக்கிலிருந்தும் உருண்டு வந்திருக்கலாம். அதைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டால் அழகான கல் மிஞ்சும், காலக்கணக்குப் போய்விடும். முறையாக எடுப்பவர்கள் முதலில் இருந்த இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படம் எடுப்பார்கள். இடத்தின் ஆயத்தொலைவு, தெரிந்த ஓர் அடுக்கிலிருந்து எத்தனை மீட்டர் மேலே, வாய் எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது, சுற்றிலும் என்ன கிடந்தது என்று குறித்துக்கொண்டு, அதே எண்ணை மாதிரியிலும் பையிலும் குறிப்பேட்டிலும் எழுதுவார்கள். பையின் மேல் மட்டும் எழுதிய எண் ஒரு மழையில் அழிந்துவிடும்.

பாதுகாப்பதிலும் இடர் உண்டு. இந்தக் களிமண் நீரை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கும். குழாயடியில் கழுவினால் ஓடு செதில்செதிலாகப் பிரியும். மென்மையான தூரிகையும், ஊசி முனையும், நிறையப் பொறுமையும் போதும். வினிகரோ அமிலமோ ஊற்றவே கூடாது. கல்லும் ஓடும் ஒரே கார்பனேட் என்பதால் அமிலம் இரண்டையும் சேர்த்தே தின்னும். பிளவுபட்ட மாதிரிக்கு அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற பிசினை 5 சதவீத அளவில் தடவுவது அருங்காட்சியக வழக்கம். தேவைப்பட்டால் பிறகு கரைத்து எடுத்துவிடலாம். ஃபெவிகால், வார்னிஷ் போட்டால் அப்படி எடுக்க முடியாது.

பைரைட் ஏறிய மாதிரிகள் இன்னும் சிக்கல். ஆக்சிஜன் குறைந்த சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்து பொன்னிறமாக ஓட்டை நிரப்பும். பார்க்க அழகுதான். ஆனால் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் அது சிதையத் தொடங்கிக் கந்தக அமிலம் சுரக்கும். வெள்ளை, மஞ்சள் பொடி பூப்பதும் கந்தக நாற்றமும் முதல் அறிகுறி. அந்த மாதிரியை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு இறுக்கி மூடிய பெட்டியில் வைக்க வேண்டும். களத்திலும் இதே வேதியியல்தான் நடக்கிறது: சிதையும் பைரைட்டின் அமிலம் கார்பனேட்டைத் தாக்க ஜிப்சம் உருவாகிறது. காரைக் களிமண்ணில் வெயிலுக்கு மினுங்கும் ஜிப்சம் நரம்புகள் விரிசல்களில் வளர்ந்து ஓடுகளைப் பிளந்திருப்பதைக் காணலாம்.

தமிழ் வீடுகளில் அம்மோனைட் வேறொரு வழியிலும் இருக்கிறது. பூசையில் வைக்கும் சாளக்கிராமம் நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைப்பது. இமயம் எழுவதற்கு முன் அங்கிருந்த டெதிஸ் கடலின் ஜுராசிக் காலக் கருஞ்சேற்றில் இறுகிய உருண்டைகளை முக்திநாத் பக்கத்து மலைகளிலிருந்து ஆறு அரித்துக் கொண்டுவருகிறது. சக்கரம் என்று வணங்கப்படுவது பல கற்களில் அம்மோனைட்டின் சுருளும் விலா வரிகளும் கல்லில் பதிந்த தடம். உருவான விதத்தில் குன்னத்து உருண்டைக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. வயதில் அது சில கோடி ஆண்டு மூத்தது.

25.2 கோடி ஆண்டுக்கு முந்தைய பெர்மியன் பேரழிவிலும், 20.1 கோடி ஆண்டுக்கு முந்தைய ட்ரையாசிக் அழிவிலும் இந்தக் குலம் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கி, மீண்டும் தழைத்தது. 6.6 கோடி ஆண்டுக்கு முன் விண்கல் விழுந்தபின் மீளவில்லை. நாட்டிலஸ் மீண்டது. வேறுபாடு குஞ்சில் இருந்ததாகத் தெரிகிறது. அம்மோனைட் பொரிக்கும்போது அதன் ஓடு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். கடலின் மேல்மட்டத்தில் நுண்ணுயிர்களோடு மிதந்து அவற்றையே தின்று வளர வேண்டும். விண்கல் விழுந்தபின் சீர்குலைந்தது அந்த மேல்மட்டம்: ஒளி மறைந்தது, நீர் அமிலமானது, மிதவை உயிர்கள் அழிந்தன. நாட்டிலஸ் முட்டை ஏறத்தாழ ஓராண்டு கழித்துப் பொரிகிறது. வெளிவரும் குஞ்சு இரண்டரை சென்டிமீட்டர் அளவில், ஆழத்தில், கிடைத்ததைத் தின்று தாக்குப்பிடிக்கிறது. பரந்து வாழ்ந்த சில அம்மோனைட்டுகள் டென்மார்க்கின் ஸ்டீவன்ஸ் போன்ற இடங்களில் அந்த அழிவைக் காட்டும் அடுக்கெல்லைக்கு மேலும் சிறிது காலம் நீடித்த தடயம் உண்டு. அவையும் பிறகு இல்லை.

அரியலூரில் இதைப் பார்க்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த அழிவுக்குப் பின் கடலில் படிந்த நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல்லில் ஹெர்கோகிளாஸா டானிகா என்ற நாட்டிலஸ் உறவினம் இருக்கிறது, அம்மோனைட் இல்லை. அதைக் கொண்டே இங்கே அழிவு நேர்ந்த கணத்தைக் காணலாம் என்று சொல்லிவிட முடியாது. நின்னியூருக்குக் கீழே இருப்பது கல்லமேட்டு ஆற்று மணல். கடைசி அம்மோனைட்டுகள் உலகக் கடல்களில் வாழ்ந்த நேரத்தில் இந்த இடம் தரையாக இருந்தது. கல்லமேட்டில் அவை இல்லாததற்குக் காரணம் கடல் பின்வாங்கியது. கடல் திரும்பி வந்தபோது நாட்டிலஸ் கூடவே வந்தது. கூட வருவதற்கு அம்மோனைட் உலகில் எங்கும் மிஞ்சியிருக்கவில்லை.